ஒரே தொட்டி, இரண்டு தண்ணீர்: சுமினகாஷியும் எப்ருவும்

தண்ணீரின் மேல் சாயத்தை மிதக்கவிட்டு, அதில் விழும் கோலத்தைக் கடதாசியிலோ துணியிலோ ஒற்றி எடுக்கும் கலையை மார்பிளிங் என்கிறோம். இதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று ஜப்பானின் சுமினகாஷி, மற்றது துருக்கியின் எப்ரு. முன்னது எளிது, பின்னது கடினம், ஆகவே முன்னதில் தொடங்கிப் பின்னதுக்குப் போகலாம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டும் தண்ணீரை நடத்தும் விதமே வேறு. மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டு இதைப் பழக நினைப்பவருக்கு அந்த வேறுபாடுதான் முதற்பாடம்.

சுமினகாஷிக்கு வெறுந்தண்ணீர் போதும். புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்து இறுக்கிய மைக்கட்டியைக் கல்லில் உரைத்து எடுத்த மை ஒரு தூரிகையில் இருக்கும். மையைத் தள்ளி ஒதுக்கும் பிசினோ எண்ணெய்ப்பசையோ சிறிது கலந்த நீர் இன்னொன்றில். மைத்தூரிகையின் நுனி நீரைத் தொட்டதும் மெல்லிய சாம்பல் வட்டம் விரிகிறது. அதன் நடுவில் மற்றத் தூரிகை தொட, வட்டம் வளையமாகிறது. மீண்டும் மை, மீண்டும் அந்த நீர். வளையத்துக்குள் வளையமாகப் பத்து இருபது சேர்ந்தபின் பக்கவாட்டில் மெல்ல ஊதினால் எல்லாம் சேர்ந்து நெளியும். ஆனால் ஒரு வளையமும் இன்னொன்றோடு கலக்காது. நன்கு உறிஞ்சும் கடதாசியை மேலே கிடத்தினால் அந்தக் கணமே மை ஏறிவிடும். கியோட்டோவின் நிஷி ஹொங்கான்ஜி கோயிலுக்குரிய 12ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பின் தாள்களில் இந்த வேலைப்பாடு உண்டு. எச்சிசென் பகுதியின் ஹிரோபா குடும்பம் 1151 முதல் இதைத் தொடர்வதாக மரபு. கவிதை எழுதும் தாளுக்குப் பின்னணியாக இருந்ததால்தான் இந்தக் கோலம் இவ்வளவு அடக்கமாக இருக்கிறது.

எப்ருவில் தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை. பிசினோ கடற்பாசிச் சத்தோ கரைத்து அதைக் கொழகொழப்பாக்குகிறார்கள். சாயத்துளி அதன் மேல் விரிந்து, வைத்த இடத்தில் நிற்கும். ஊசியால் இழுத்தால் இழுத்த கோட்டிலேயே போகும், சீப்பால் வாரினால் வாரியபடி கிடக்கும். சாயம் மூழ்காமல் விரிய மாட்டுப் பித்தநீர் சேர்ப்பார்கள். அடுத்தடுத்து இடும் நிறம் முந்தியதைத் தள்ளிக்கொண்டு இடம்பிடிக்க வேண்டும் என்பதால் பித்தநீரின் அளவும் கூடிக்கொண்டே போகும். இந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, கைதான் அறியும். நெஜ்மெத்தின் ஓக்யாய் (1883–1976) இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டே நீரின் மேல் மலர்களை வரைந்தார். அவரிடம் பழகிய முஸ்தபா டுஸ்குன்மன் (1920–1990), இஸ்தான்புல்லின் உஸ்குதாரில் மருந்துச்சரக்குக் கடை நடத்தியபடியே அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். யுனெஸ்கோ 2014இல் எப்ருவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அடிப்படைத் தேர்ச்சிக்கே குறைந்தது இரண்டு ஆண்டு வேண்டும் என்று குறித்தது.

இனி நம் தண்ணீரைப் பார்ப்போம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டில் இருக்கும் ஊர்கள். கடலோ வாவியோ நெருங்கிய கிணற்றில் உவர் ஏறும். எப்ரு இதைப் பொறுக்காது. கடற்பாசிச் சத்து உப்போடும் சுண்ணாம்புச் சத்தோடும் சேர்ந்தால் திரியும். பிறகு சாயம் விரியாமல் பிய்ந்து நிற்கும். பழகுபவரோ தன் கையைக் குறைசொல்வார். மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இதற்கு மிக நல்லது. லீட்டருக்கு 5 முதல் 7 கிராம் கடற்பாசிச் சத்துத் தூள் கரைத்து, குமிழி அடங்க ஓர் இரவு விட வேண்டும். நம் வெக்கையில் அது இரண்டு மூன்று நாளிலேயே புளித்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதே புத்தி. அந்தச் சத்தின் ஒரு வகையைத் தரும் கப்பாபைக்கஸ் பாசியை இராமநாதபுரம் கரையிலும் நம் வடமாகாணக் கடலிலும் வளர்க்கிறார்கள். சுமினகாஷி தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு அடம்பிடிப்பதில்லை. அதற்கு எதிரி காற்று. கச்சான் வீசும் மாதங்களில் திறந்த விறாந்தையில் ஒரு வளையமும் வளையமாக நிற்காது, தூசு வேறு விழும்.

துணி என்று வந்தால் என் பக்கம் எப்ருதான். கரி மை பட்டில் அழகாக அமரும், ஆனால் அடித்துத் துவைக்கும் பருத்தியில் நிலைக்காது. எப்ருத் தொட்டியில் அக்ரிலிக் சாயம் இட்டு எடுத்த துணியை, காய்ந்தபின் இஸ்திரி போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும். மருதமுனைத் தறித்துணி இதற்கு ஏற்றது, தொட்டிக்குக் கொண்டுபோகுமுன் அதைக் கஞ்சி போகும்வரை அலச வேண்டும். பிறகு லீட்டருக்கு 15 கிராம் அளவில் சீனக்காரம் என்னும் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து, மடிப்பு விழாமல் காயவிட வேண்டும். மடிப்பு இருந்த இடம் வெள்ளைக் கோடாகவே தெரியும். சீனக்காரம் ஏறிய துணியை வாரக்கணக்கில் வைத்தால் இழை நொந்துவிடும்.

துணியைத் தொட்டியில் கிடத்தும்போது இருவர் வேண்டும். நான்கு மூலையையும் பிடித்து, துணியின் வயிற்றை முதலில் தொடவிட்டு, இரு பக்கமும் ஒரே மூச்சில் இறக்க வேண்டும். நடுவில் காற்று சிக்கினால் அங்கே காசளவு வெறுமை விழும். அதைத் திருத்த வழியில்லை. பத்திக்கில் மெழுகு தவறினால் சுரண்டவாவது முடியும்.

இந்தக் கலை நம் பக்கத்துக்கு முற்றிலும் அந்நியமானதும் இல்லை. 17ஆம் நூற்றாண்டுத் தக்காணத்து ஓவியர்கள் மார்பிளிங் தாளிலேயே மெலிந்த குதிரைகளின் உருவங்களை எடுத்தார்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்கடதாசிக் கூடம் இன்றும் இத்தகைய தாள் செய்கிறது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் காட்சிக்கலை மாணவருக்கு இரண்டையும் கற்பிக்க வேண்டும், தனித்தனிப் பாடமாக. மாரியில் மழைத்தண்ணீர் சேரும்போது எப்ரு, கச்சான் ஓய்ந்த காலையில் சுமினகாஷி.

விற்பனை நோக்கத்தோடு பழகுபவர் சேலையில் தொடங்க வேண்டாம். ஆறு யார் துணிக்கு ஆறு யார் தொட்டி வேண்டும். கைக்குட்டை, சட்டைத்துண்டு, கொப்பி அட்டை ஆகியவற்றுக்கு இரண்டடித் தொட்டி போதும். அந்த அளவுக்கே துண்டு நெய்து தரச் சொல்லித் தறிக்காரரிடம் முதலிலேயே பேசிவிடலாம்.