அறிவியல்மீதும் மருத்துவத்தின்மீதும் மக்களுக்கு நம்பிக்கை குறைகிறதா?

ஞாயிற்றுக்கிழமை காலை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு காணொளியைப் பகிர்கிறார். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், "இதை உங்கள் மருத்துவர் சொல்லமாட்டார்" என்று பேசத் தொடங்குகிறார். அரை மணி நேரம் கழித்துப் பாட்டி உங்களைக் கூப்பிடுகிறார்.

"ஏன் கண்ணு, பாப்பாவுக்கு அடுத்த மாசம் போடுற ஊசி நல்லதில்லையாமே? நீ படிச்ச பிள்ளைதானே, பார்த்துச் சொல்லு."

உங்களுக்கு இரண்டு மொழிகளும் தெரியும். மருந்தகத்தில் மருத்துவர் சொல்வதைத் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்ப்பவரும் பல வீடுகளில் நீங்கள்தான். அதனால் இந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும்.

இந்தக் காணொளிகளைப் பார்க்கும்போது உலகமே மருத்துவர்களை நம்புவதை விட்டுவிட்டதோ என்று தோன்றலாம். உண்மை நிலவரம் என்ன?

எண்கள் என்ன சொல்கின்றன?

சுருக்கமான பதில்: உலகம் முழுக்க நம்பிக்கை சரிந்துவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் சில நாடுகளில் அது நன்றாகவே இறங்கியிருக்கிறது.

- பிரிட்டனின் வெல்கம் அறநிறுவனம் 2018இல் 140க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. 2020இல், கோவிட்-19 காலத்தில், 113 நாடுகளில் அது மீண்டும் நடந்தது. விஞ்ஞானிகளை "மிகவும் நம்புகிறேன்" என்று சொன்னவர்களின் பங்கு 34 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

- 2025 ஜனவரியில் 68 நாடுகளைப் பற்றிய இன்னொரு பெரிய ஆய்வு வெளியானது. ஏறக்குறைய 72,000 பேர் அதில் பங்கேற்றனர். விஞ்ஞானிகள்மீதான நம்பிக்கைக்கு 5க்குச் சராசரியாக 3.62 புள்ளிகள் கிடைத்தன. மொத்தத்தில் நம்பிக்கை குறைவு என்று சொல்லும்படி ஒரு நாடுகூட இல்லை.

- அமெரிக்காவில் கதை வேறு. விஞ்ஞானிகளை ஓரளவோ அதிகமோ நம்புகிறோம் என்றவர்கள் 2020 ஏப்ரலில் 87 விழுக்காடு. 2023இல் அது 73 விழுக்காடு. அடுத்த ஆண்டு 76 விழுக்காட்டுக்குச் சற்று ஏறியது. இவை பியூ ஆய்வு நிலையத்தின் எண்கள்.

- அதே நாட்டில் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் பெரிதும் நம்பியவர்களின் பங்கு, வேறோர் ஆய்வின்படி, 2020இல் 71.5 விழுக்காடு, 2024 ஜனவரியில் 40.1 விழுக்காடு.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். "அறிவியலை நம்புகிறீர்களா?" என்பது ஒரே கேள்வி அல்ல. விஞ்ஞானியை நம்புவது ஒன்று. மருத்துவமனையை நம்புவது வேறு. மருந்து நிறுவனம், அரசாங்கம் ஆகியவற்றை நம்புவது இன்னும் வேறு. பாட்டி தம்முடைய மருத்துவரை முழுசா நம்புவார்; ஆனால் புதிதாக வந்த ஓர் ஊசியை நம்பமாட்டார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும்.

ஒரு பொய் எவ்வளவு தூரம் போகும்?

எம்எம்ஆர் தடுப்பூசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி.

1998இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சிலரும் 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்தவை 12 பிள்ளைகளின் விவரங்கள் மட்டுமே. எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தை அது கிளப்பிவிட்டது.

இங்கிலாந்தில் அந்த ஊசி போட்ட பிள்ளைகளின் விகிதம் சில ஆண்டுகளில் சுமார் 80 விழுக்காட்டுக்கு இறங்கியது.

2010இல் 'லான்செட்' அந்தக் கட்டுரையை மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டிஷ் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. 2019இல் முடிவு வந்தது. ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை.

12 பிள்ளைகள் ஒருபக்கம். ஆறரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஆனாலும் பெரியப்பாவின் காணொளியில் இன்றும் வருவது அந்த 12 பேரின் கதைதான். பயம் ஒரே வரியில் பரவிவிடுகிறது. அதற்கான பதிலைச் சொல்ல ஒரு பக்கம் தேவைப்படுகிறது.

நம்பிக்கை குறைந்தால் யாருக்கு ஆபத்து?

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். மிக வேகமாகத் தொற்றும் நோய்களில் அதுவும் ஒன்று. யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத இடத்தில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடும். நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் இருக்கலாம்.

அது பரவாமல் தடுக்க, சமூகத்தில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் இருக்கவேண்டும்.

சிங்கப்பூரில் எம்எம்ஆர் முதல் ஊசி 12ஆம் மாதத்தில் போடப்படுகிறது. அப்படியானால் ஆறு மாதக் குழந்தைக்கு யார் பாதுகாப்பு? சுற்றியிருக்கும் நாம்தான். இன்னொருவர் வீட்டில் எடுக்கும் முடிவு, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும் பாதிக்கும்.

இதை அமெரிக்கா அண்மையில் பார்த்தது. 2000இல் தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அறிவித்த நாடு அது. 2025இல் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கிய பரவலில் தடுப்பூசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில் கனடா, தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியை இழந்தது.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. மலேசியாவில் 2016இல் தொண்டை அடைப்பான் நோய் தலைதூக்கியது. தடுப்பூசி போடாத பிள்ளைகள் அதில் உயிரிழந்தனர். 2019 டிசம்பரில் சாபாவின் துவாரான் வட்டாரத்தில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. 27 ஆண்டுகளில் அது முதல் சம்பவம். அந்த வட்டாரத்தில் போலியோ தடுப்பூசி போடாதவர்கள் இருந்தது விசாரணையில் தெரியவந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஊசி போடாதவர்கள் எல்லாரும் அறிவியலை வெறுப்பவர்கள் இல்லை. மருந்தகம் தொலைவில் இருக்கலாம். ஆவணங்கள் இல்லாமல் இருக்கலாம். வேலைக்கு விடுப்பு கிடைக்காமல் இருக்கலாம். எல்லாவற்றையும் "நம்பிக்கை இல்லை" என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டால் உண்மையான சிக்கல் தெரியாமல் போய்விடும்.

சிங்கப்பூரில் நிலை எப்படி?

சிங்கப்பூரில் தொண்டை அடைப்பான் தடுப்பூசி 1962இலிருந்தும் தட்டம்மைத் தடுப்பூசி 1985இலிருந்தும் பிள்ளைகளுக்குக் கட்டாயம். ஆகவே இங்குத் தடுப்பூசி போட்டவர்கள் அதிகம் என்பதை மட்டும் வைத்து நம்பிக்கையை அளக்க முடியாது.

நம்பிக்கை உண்மையில் சோதிக்கப்பட்டது கோவிட்-19 காலத்தில். மூன்று சம்பவங்களை நினைத்துப் பாருங்கள்.

முதலாவது, முகக்கவசம். 2020 தொடக்கத்தில், உடல்நலம் இல்லாதவர்கள் மட்டும் அணிந்தால் போதும் என்று சொல்லப்பட்டது. ஏப்ரல் நடுப்பகுதியில் வெளியே சென்றால் எல்லாரும் அணிவது கட்டாயமானது. "மாத்தி மாத்திச் சொல்றாங்களே" என்று பலர் முணுமுணுத்தனர். 2023 மார்ச்சில் வெளியான அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை, முகக்கவசம் குறித்த தொடக்க நிலைப்பாட்டைக் குறையாகவே ஒப்புக்கொண்டது.

இரண்டாவது, டிரேஸ்டுகெதர். அதில் சேரும் தகவல் தொற்றுத் தடங்களைக் கண்டறிய மட்டுமே என்று முதலில் சொல்லப்பட்டது. குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறையும் அதைப் பெறமுடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் கோபப்பட்டனர். முன்னதாக அந்த உறுதியைத் தந்த அமைச்சர் பொறுப்பேற்றார். கடுமையான குற்றங்களில் ஏழு வகைக்கு மட்டும் அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம் என அடுத்த மாதமே சட்டம் நிறைவேறியது.

மூன்றாவது, 16 வயது இளையர் ஒருவரின் சம்பவம். 2021இல் முதல் ஊசி போட்டு ஆறாம் நாள், பளு தூக்கும் பயிற்சிக்குப் பிறகு அவருடைய இதயத்துடிப்பு திடீரென நின்றது. சுகாதார அமைச்சு அதை மறைக்கவில்லை. கடுமையான இதயத்தசை அழற்சி காரணமாக அது நேர்ந்திருக்கலாம், தடுப்பூசி அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று வெளிப்படையாகச் சொன்னது. ஏற்கெனவே தொடங்கப்பட்டிருந்த தடுப்பூசிப் பாதிப்பு நிதியுதவித் திட்டத்தின்கீழ் அவருக்கு 225,000 வெள்ளி வழங்கப்பட்டது. ஊசி போட்டபின் ஒரு வாரத்துக்குக் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்று இளையர்களுக்கும் 30 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் ஆலோசனை சொல்லப்பட்டது.

அந்தச் செய்தி வந்ததும் எல்லாரும் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. தகுதிபெற்றவர்களில் 90 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் போட்டுக்கொண்டனர். போடாதவர்கள் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பது போன்ற விதிகளும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும், "உண்மையைச் சொன்னால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள்" என்ற எண்ணம் சரியில்லை என்பதை அது காட்டுகிறது.

மக்களை அதிகம் காயப்படுத்துவது தவறு நடப்பது அல்ல. ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்று நடந்ததைப் பின்னால் தெரிந்துகொள்வதுதான்.

அப்படியானால் அறிவியல் ஏன் மாற்றிச் சொல்கிறது?

புதிய தகவல் கிடைத்தால் முடிவும் மாறவேண்டும். அறிவியல் வேலை செய்யும் முறையே அதுதான். வேக்ஃபீல்டின் கட்டுரையைத் தவறு என்று கண்டுபிடித்ததும் மற்ற ஆய்வாளர்களும் ஒரு செய்தியாளரும்தான்.

சிக்கல் எங்கே வருகிறது? "இப்போதைக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இது மாறலாம்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "இதுதான் முடிவு" என்று சொல்லும்போது. பிறகு அது மாறினால், முன்பு பொய் சொன்னார்கள் என்றுதான் காதில் விழும்.

சந்தேகப்படுவது தப்பா?

தப்பே இல்லை. "பக்கவிளைவு என்ன? எத்தனை பேரில் ஒருவருக்கு வரும்? போடாவிட்டால் என்ன ஆகும்?" இந்த மூன்றும் நல்ல கேள்விகள். நல்ல மருத்துவர் இவற்றுக்குக் கோபப்படமாட்டார்.

ஆனால் கேள்வி கேட்பவர் பதிலையும் கேட்கவேண்டும். எந்த ஆதாரம் காட்டினாலும் "அவங்க எல்லாம் கூட்டு" என்று சொன்னால் அது சந்தேகம் அல்ல. முன்பே எடுத்துவிட்ட முடிவு.

பாட்டிக்கு என்ன பதில் சொல்வது?

- சிரிக்காதீர்கள். "இதெல்லாம் பொய் பாட்டி" என்று ஒரே வரியில் முடித்தால், அடுத்த முறை அவர் உங்களிடம் கேட்கமாட்டார். காணொளியிடமே கேட்பார்.

- எதற்குப் பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் காணொளி மட்டும் இல்லை. தெரிந்தவர் யாருக்கோ ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்திருக்கும்.

- யார், எப்போது, எத்தனை பேரிடம் ஆராய்ந்து சொன்னது என்று பாருங்கள். பெயரில்லாத மருத்துவர், தேதியில்லாத காணொளி, கடைசியில் விற்பனைக்கு ஒரு மருந்து. மூன்றும் சேர்ந்து வந்தால் பகிரவேண்டாம்.

- தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். "எனக்கும் சரியாத் தெரியல பாட்டி, டாக்டர்கிட்ட கேட்போம்" என்பது நல்ல பதில்.

- கூடவே போங்கள். குழந்தையின் பெற்றோரோடு பாட்டியையும் மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கேள்வியை அவரையே தமிழில் கேட்கச் சொல்லுங்கள். பதிலை விடாமல், குறைக்காமல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். பக்கவிளைவைப் பற்றிய பகுதியையும் சேர்த்துத்தான்.

உலக ஆய்வுகளில் நம்பிக்கை விழுக்காடாக அளக்கப்படுகிறது. உங்கள் வீட்டில் அது, பாட்டி அடுத்த முறையும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறாரா என்பதில் தெரியும். பாப்பாவுக்கு ஊசி அடுத்த மாதம். பேச இன்னும் நேரம் இருக்கிறது.