தேய்மானமும் ஒரு சாசனமே: பித்தளை டார்ச் விளக்கு பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. கோயில் குத்துவிளக்கின் அடியில் வெட்டிய கொடையாளர் பெயரைக்கூட அறிஞர்கள் படித்து அச்சிட்டுவிட்டார்கள். ஆனால் நம் தாத்தா வயல் வரப்பில் கையில் பிடித்து நடந்த டார்ச் விளக்கை யாரும் ஒரு சான்றாக எண்ணுவதில்லை. அது "பழைய சாமான்", எடைக்குப் போட்டால் காசு, அவ்வளவுதான்.

கல்கத்தா எஸ்ரா தெருவில் மின்சாமான் வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். கல்லூரிப் படிப்பு கிடையாது. ஆயினும் கையில் வந்த ஒவ்வொரு பழைய டார்ச்சையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் எனக்குத் தெளிவான செய்தி ஒன்று உண்டு. டார்ச்சின் உலோக உடம்பில் விழுந்த தேய்மானம் வெறும் பழுது அன்று. அது படிக்கத்தக்க எழுத்து. அதைத் தேய்த்து விளக்குவதும், உருக்குவதற்கு அனுப்புவதும் ஏட்டுச்சுவடியைக் கரையானுக்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பிறந்த கதை

பிரான்சு நாட்டின் லெக்லாஞ்சே 1866ல் அமைத்த மின்கலத்தில் திரவம் ததும்பும்; கையில் எடுத்து நடக்க முடியாது. 1880களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அத்திரவத்தைப் பசையாக்கித் துத்தநாகக் குப்பியில் அடைத்தார். உலர் மின்கலம், அதாவது நம்ம ஊர் "பேட்டரிக் கட்டை", இப்படித்தான் பிறந்தது. கட்டைகளை ஒரு குழாயில் வரிசையாக அடுக்கி, முனையில் பல்பு வைத்த கைவிளக்குக்கு டேவிட் மிசெல் என்பவர் 1899 ஜனவரி 10 அன்று அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ருஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய கான்ராட் ஹூபர்ட் என்பவரின் கம்பெனி அதைச் செய்து விற்றது. நியூயார்க் போலீசாருக்குச் சில விளக்குகள் மாதிரிக்குக் கொடுக்கப்பட்டன.

அந்த முதல் விளக்கின் உடம்பு உலோகம் அன்று, தாள் குழாய். கரி இழை பல்பும் வலுக்குறைந்த கட்டையுமாக இருந்ததால் விட்டு விட்டுத்தான் எரிக்க முடியும். "பிளாஷ் லைட்" என்ற அமெரிக்கப் பெயர் அதனால் வந்ததே. 1910ஐ ஒட்டி டங்ஸ்டன் இழை நடைமுறைக்கு வந்த பிறகு வெளிச்சம் நிலைத்தது. நாளெல்லாம் கையாளும் பொருளாக டார்ச் மாறவே, அதற்கு உறுதியான உலோகச் சட்டை தேவைப்பட்டது.

நம் நாட்டில்

எவரெடி பேட்டரிகள் 1905 முதல் இந்தியாவில் இறக்குமதியாகி விற்பனையாயின. 1934ல் இங்கேயே கம்பெனி பதிவாயிற்று. 1939ல் நம் கல்கத்தாவில் முதல் பேட்டரி ஆலை எழுந்தது. அந்த ஆண்டே உலகப்போர் மூண்டது. 1942 டிசம்பரில் ஜப்பானியர் இந்நகரின்மீது குண்டு வீசினர். தெரு விளக்குகளை மறைத்து வைத்த அந்த இரவுகளில் டார்ச்சின் அருமை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1952ல் சென்னையில் பேட்டரி ஆலையும், 1958ல் லக்னோவில் டார்ச் ஆலையும் ஏற்பட்டன. அலகாபாத்தின் ஜீப் நிறுவனமும் போட்டிக்கு நின்றது.

நேஷனல் கார்பன் என்று இருந்த எவரெடி கம்பெனியின் பெயர் 1959ல் யூனியன் கார்பைடு இந்தியா என்று மாறியது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த விஷவாயு அதே யூனியன் கார்பைடின் ஆலையிலிருந்து கசிந்ததே. கம்பெனி கைமாறியபின் 1995ல் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயர் வந்தது. ஆகவே டார்ச்சின் முத்திரையில் எந்தப் பெயர் உள்ளது என்று பார்த்தாலே அதன் காலத்தை ஏறக்குறையக் கணிக்கலாம். அரசன் பெயரைக் கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பது போலத்தான்.

இடையே பிளாஸ்டிக் உடம்பு வந்தது. பிளாஸ்டிக் டார்ச்சைப் "பிளாஸ்டிக்கால் செய்த பொருள்" எனலாமா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆனதற்கே அப்பெயர் பொருந்தும், வேறு பொருள்களும் சேர்ந்ததற்குப் பொருந்தாது என்று 1976ல் தீர்ப்பாயிற்று. ஒரு டார்ச்சின் உடம்பு எதனால் ஆனது என்பது நாட்டின் உயர்ந்த மன்றத்தில் ஆராயப்பட்டது என்றால் இது சின்ன விஷயம் இல்லையே!

உடம்பே கம்பி

உலோக டார்ச்சில் உடம்பு வெறும் உறை அன்று. கட்டையின் அடியிலிருந்து சுருள்வில், அதிலிருந்து பின்மூடி, மூடியின் மரை வழியாகக் குழாய், குழாயிலிருந்து பொத்தான், பல்பு என்று மின்சாரம் சுற்றி வருகிறது. மரையில் களிம்போ அழுக்கோ ஏறினால் வெளிச்சம் மங்கும். "ரெண்டு தட்டு தட்டினா எரியும்" என்பது வீட்டுக்கு வீடு கேட்ட வாக்கு. தட்டும்போது விலகியிருந்த தொடுமுனைகள் மறுபடி பொருந்துகின்றன. மூடியை அரைச்சுற்று திருகினால் களிம்பு உராய்ந்து புது உலோகம் தலைகாட்டுகிறது. அதனால்தான் உழைத்த டார்ச்சில் மரை மழுங்கியிருக்கும்.

கட்டையில் மின்சாரம் பிறப்பதே துத்தநாகக் குப்பி கரைவதால். எடுக்க மறந்த கட்டை ஓட்டையாகி உள்ளிருக்கும் உப்புப் பசை கசியும். குழாயின் உட்புறம் பச்சையாய்ப் படர்ந்திருந்தால், அந்த டார்ச்சைப் பல மாதம் ஒருவரும் தொடவில்லை என்று பொருள்.

தேய்மானத்தைப் படிக்கும் முறை

பழைய டார்ச்சுகளில் பித்தளைக் குழாயின்மேல் நிக்கல் முலாம் இருக்கும். அதன் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். நிக்கல் சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை, காலப்போக்கில் மங்கும். அதற்குமேல் குரோமியம் ஏற்றியிருந்தால் நீலச்சாயல் தெரியும். பளபளப்பு எளிதில் குறையாது. முலாம் போன இடத்தில் பித்தளை மஞ்சளாய் எட்டிப் பார்க்கும். கைவியர்வையின் உப்புப் பட்டு அதுவும் பழுப்பேறும்.

முலாம் எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் போவதில்லை. பொத்தானை ஒட்டி நீள்வட்டமாய் மஞ்சள் தெரிந்தால் அது கட்டைவிரல் பட்ட இடம். வலக்கைக்காரர் விரல் ஒரு பக்கமாகவும் இடக்கைக்காரர் விரல் மறுபக்கமாகவும் சாயும். முகப்பு வளையத்தின் விளிம்பு முழுச்சுற்றும் தேய்ந்திருந்தால், அதைத் தலைகீழாய் நிறுத்தி வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தது எனலாம். பின்மூடியின் தொங்குவளையம் ஓரிடத்தில் மெலிந்திருந்தால் அது சுவராணியில் தொங்கியது. முகப்பில் பல பள்ளங்கள் இருந்தால் வெளியில் அலைந்த டார்ச். மூணு கட்டை டார்ச் என்றால் பெரும்பாலும் காவல்காரரோ, ராத்திரி தண்ணீர் பாய்ச்சும் விவசாயியோதான். ஒரே தடயத்தை மட்டும் நம்பக்கூடாது. இரண்டு மூன்று ஒத்துவந்தால்தான் முடிவு சொல்ல வேண்டும்.

எங்களைப் போன்ற சமணக் குடும்பங்களில் டார்ச்சுக்குத் தனி மதிப்பு இருந்ததையும் இங்கே சொல்லலாம். பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது எங்கள் நோன்பு. சுடர்விளக்கில் விட்டில் விழுந்து மடியும். கண்ணாடி மூடிய டார்ச்சில் அது இல்லை. நடக்கும் தரையில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்து அடிவைக்கவும் அது உதவிற்று.

எடைக்கல்லும் ஏடும்

இப்போது இந்த ஏடுகள் எங்கே போகின்றன? காயலான் கடையில் கேட்டால் கணக்கு எளிது. காந்தம் ஒட்டினா இரும்பு, ஒட்டலைன்னா பித்தளை, கையில் லேசா இருந்தா அலுமினியம். சந்தேகம் வந்தால் அரத்தால் ஒரு கீறல். பித்தளை மொராதாபாத்துக்கோ ஜாம்நகருக்கோ போய், உருகி, குழாய்த் திருகாகவும் பூஜைமணியாகவும் திரும்பி வரும். நல்ல உலோகமாக இருப்பதே அதற்கு எமன். விலைபோகாத பிளாஸ்டிக் டார்ச்சு பரணில் கிடக்க, பித்தளை டார்ச்சு முதலில் போய்விடுகிறது.

பொற்குடத்தை உருக்கி முடி செய்த உவமை ஒன்றை எங்கள் சமண ஆசாரியர்கள் சொல்வார்கள். குடம் அழிந்தது, முடி தோன்றியது, பொன் அப்படியே நின்றது. நிலைத்து நிற்பது திரவியம். தோன்றி மறைவது பரியாயம். வியாபாரிக்குத் திரவியம் போதும், எடைபோட்டுக் காசு வாங்கிவிடலாம். வரலாறு தேடுபவனுக்கோ பரியாயம்தான் முக்கியம். உருகிய பித்தளையில் யாருடைய கட்டைவிரலும் இல்லை.

உருக்குவதைவிடச் சூட்சுமமான அழிவு ஒன்று உண்டு. வந்தவாசிப் பக்கத்தில் எனக்கு மருமகன் முறையாகும் பையன், தாத்தாவின் டார்ச்சைப் பெருமையாய் எடுத்து வந்தான். "மாமா, புளியும் செங்கல் பொடியும் போட்டு விளக்கிட்டேன். எப்படி மின்னுது பாருங்க!" என்றான். நான் சொன்னேன்: "ஏம்பா, உங்க தாத்தா கை பட்ட தடம் அதுலதானே இருந்தது? அதையும் சேர்த்து விளக்கிட்டியே!" அவன் அன்பினால் செய்தான், குற்றம் சொல்லி என்ன பயன்? புது முலாம் பூசி அலமாரியில் வைப்பவர்களும் அன்பினால்தான் செய்கிறார்கள். எழுத்து மங்கிய கல்வெட்டை உளிகொண்டு மறுபடி செதுக்கினால் படி எடுப்பவருக்கு என்ன மிஞ்சும்?

புதிய டார்ச்சுகளும் பழைய நியாயமும்

நீலநிற எல்.ஈ.டி.யைக் கண்ட, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியிலிருந்து பிறந்த வெள்ளை ஒளியால் டார்ச் விரலளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைத் தினமும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் இளைஞர்கள் இன்று பலர். அவற்றின் உடம்பு பெரும்பாலும் அலுமினியம். அதன் மேலுள்ள கறுப்பு, ஒட்டவைத்த வேற்று உலோகம் அன்று. மின்முறையால் அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி வளர்த்த கடினத் தோல். ஆயினும் சாவிக்கொத்தோடு உரசி விளிம்புகளில் அதுவும் தேய்ந்து வெள்ளையாய்த் தெரிகிறது. சிலர் பூச்சே இல்லாத செம்பு, பித்தளை டார்ச்சுகளைத் தேடி வாங்கி, அவை நிறம் மாறுவதை ரசிக்கிறார்கள். தேய்மானத்தில் அழகு காணத் தெரிந்த இவர்களுக்கு அதிலுள்ள வரலாற்றையும் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சங்க அன்பர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. ஊரிலோ இங்கோ வீட்டில் பழைய பித்தளை டார்ச் இருந்தால் முதலில் கட்டையை வெளியே எடுங்கள். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், முலாமும் வேண்டாம். யார் வைத்திருந்தார்கள், எந்த ஊர், என்ன வேலைக்குப் பயன்பட்டது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் கட்டிவையுங்கள். விற்றே தீரவேண்டிய நிலை என்றால் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு விற்பதில் தவறில்லை. எடைக்குப் போனால் கிடைக்கும் காசு சில நாளில் செலவாகிவிடும். தாத்தாவின் கைத்தடம் ஒருமுறை போனால் எந்தப் பட்டறையாலும் அதைத் திரும்பச் செய்து தர இயலாது.