இரைச்சலை நீக்கும் ஹெட்போன்: வரலாறும் வாங்கியோர் கருத்தும்



கம்பியில்லாத, இரைச்சலை நீக்கும் ஹெட்போன்களைப் பற்றி வாங்கியவர்கள் கூறும் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. "போட்டவுடன் உலகமே அடங்கிவிட்டது" என்கிறார் ஒருவர். அதே வகைக் கருவியை வாங்கிய மற்றொருவரோ, "பக்கத்து அறையில் ஓடும் தொலைக்காட்சித் தொடர் அப்படியே கேட்கிறது, காசு வீண்" என்கிறார். இருவருமே உண்மையைத்தான் சொல்கின்றனர். அஃது எங்ஙனம் என்பதை அக்கருவியின் வரலாறு விளக்குகிறது.

இரைச்சலும் நம் வட்டாரமும்

2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு இரைச்சல் புதியதன்று. ஈயம் வாரிய மிதவைக் கப்பல்கள் ஒரு காலத்தில் இங்கே பேரொலி எழுப்பின. இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியர் மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். செம்பனை பெருகியபோது, பழக்குலைகளை அவித்துப் பிழியும் ஆலைகளும் பெருகின. நம் பாட்டன்மாரும் பெற்றோரும் அந்த ஆலை ஒலியின் நடுவே உழைத்தார்கள். தொழிலிட இரைச்சலுக்கென்றே தனி விதிமுறைகள் இந்நாட்டில் 1989-இல்தான் வந்தன. 2019-இல் நடப்புக்கு வந்த புதிய விதிமுறைகள், தொழிலாளி ஒருவரின் அன்றாட இரைச்சல் வரம்பை 85 டெசிபல் என வரையறுக்கின்றன.

வானூர்தியில் பிறந்த கருவி

1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்களைச் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அது காதுக்கு ஒலியைத் தந்தது, வெளியிரைச்சலை நீக்கவில்லை. ஓர் ஒலியலைக்கு நேர் எதிரான அலையை எழுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் என்னும் கருத்துக்குச் செருமானியரான பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எனினும், அதனை நடைமுறைப்படுத்தும் அளவுக்கு அக்காலத்து மின்னணுவியல் வளர்ந்திருக்கவில்லை.

அமார் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஒருவரின் மகன். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர். 1978-இல் ஐரோப்பாவிலிருந்து அவர் வானூர்தியில் திரும்பிக்கொண்டிருந்தார். அங்குக் கொடுக்கப்பட்ட ஹெட்போனில் இசையைக் கேட்க முடியாதபடி இயந்திர இரைச்சல் மேலோங்கியிருந்தது. பயணத்தின்போதே அதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். 1986-இல் எரிபொருள் நிரப்ப எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் வானூர்தியில் அவரது சோதனைக் கருவிகள் பயன்பட்டன. 1989-இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. 2000-இல் பொதுமக்களுக்கானது வந்தது. புளூடூத் தொழில்நுட்பம் வளர்ந்ததும் கம்பியும் நீங்கியது. 2016-இல் ஐபோனிலிருந்தே ஹெட்போன் துளை அகற்றப்பட்டபின் கம்பியில்லாக் கருவிகள் எங்கும் பரவின.

வாங்கியோர் கூற்றின் பொருள்

இக்கருவி வானூர்தி இயந்திரத்தின் ஒலியை அடக்கப் பிறந்தது. அவ்வொலி தாழ்ந்தது, மாறாமல் தொடர்வது. அடுத்த கணம் எப்படி ஒலிக்கும் என்பதைக் கருவியால் கணிக்க முடியும். ஆகவே மின்விசிறி, குளிர்சாதனம், பேருந்து இயந்திரம் ஆகியவற்றின் ஒலியை அது நன்கு நீக்கும். மனிதக் குரல், சேவல் கூவல், தட்டு விழும் ஓசை ஆகியவை நொடிக்கு நொடி மாறுவன; அவற்றை அது முழுதாக நீக்காது. எனவே, ஒருவரின் கருத்தைப் படிக்கும்போது அவர் எத்தனை நட்சத்திரம் தந்தார் என்பதைவிட, எங்கே அமர்ந்து பயன்படுத்தினார் என்பதையே முதலில் பாருங்கள். பேருந்துப் பயணியின் பாராட்டு, கூட்டுக் குடும்பத்துக் கூடத்தில் படிக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, வகுப்புகள் இயங்கலைக்கு மாறியபோது நம் பெற்றோர் பலர் ஹெட்போன் வாங்கினர். "இரைச்சல் நீக்கி என்றார்கள், ஆனால் என் வீட்டுச் சத்தம் ஆசிரியருக்குக் கேட்கிறதே" என்று குறைபட்டோர் உண்டு. அணிபவரின் காதுக்குச் செய்யப்படும் இரைச்சல் நீக்கம் வேறு. ஒலிவாங்கி அனுப்பும் குரலைத் தெளிவாக்குவது வேறு. இயங்கலை வகுப்புக்கு வாங்குவோர் இரண்டாவதைத்தான் முதலில் கேட்டறிய வேண்டும்.

துணைப்பொருள்களைப் பற்றி

எதிரலை தாழ்ந்த ஒலியை அழிக்கிறது. உயர்ந்த ஒலியைத் தடுப்பது காதைச் சுற்றிப் பொருந்தும் மெத்தையே. நம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் செயற்கைத்தோல் மெத்தை விரைவில் உரிந்துவிடும். உரிந்த மெத்தையின் இடுக்கில் இரைச்சல் உட்புகும். "முன்போல் வேலை செய்யவில்லை" என்னும் குறைக்குப் பல வேளைகளில் இதுவே காரணம். காதுக்குள் பொருத்தும் வகையில், சிலிக்கான் முனை காதளவுக்குப் பொருந்தாவிடினும் அதே கதைதான். ஆகவே, மாற்று மெத்தையும் முனையும் கடையில் தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேட்டபின் வாங்குங்கள். மின்கலம் ஆண்டுகள் செல்லத் தளரும். கம்பி இணைத்தும் பயன்படுத்தக்கூடிய கருவியானால் அதன் ஆயுள் நீளும்.

செவியே செல்வம்

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரநிலை, சிறார்க்கு வாரத்திற்கு 40 மணி நேரம் 75 டெசிபல் என வரம்பிடுகிறது. ஒலி 10 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் பத்து மடங்காகும். எனவே 85 டெசிபலில் கேட்கும் பிள்ளைக்கு அந்த வாரம் முழுமைக்கும் நான்கு மணி நேரமே உண்டு. ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் வகுத்த அன்றாட வரம்பும் அதே 85 டெசிபல்தான் என்பதைப் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும். மின்விசிறியின் இரைச்சலை வெல்லப் பிள்ளைகள் ஒலியைக் கூட்டுகிறார்கள். அவ்விரைச்சல் நீங்கினால் குறைந்த ஒலியிலேயே பாடம் கேட்கலாம். இக்கருவியால் பிள்ளைகளுக்குக் கிட்டக்கூடிய மெய்யான நன்மை இதுவே.

இரண்டு எச்சரிக்கைகளையும் மறக்கலாகாது. இசை கேட்க வாங்கிய ஹெட்போனை ஆலையில் செவிக்காப்பாக அணிதல் தவறு. அங்கே அதற்கென்றே சான்றளிக்கப்பட்ட செவிக்காப்பு வேண்டும். இதனைப் போட்டுக்கொண்டு சாலையில் நடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் ஆபத்து. பின்னால் வரும் செம்பனை லாரியின் உறுமல், இக்கருவி நன்கு நீக்கக்கூடிய ஒலிவகையைச் சேர்ந்தது.

செல்வத்துள் செல்வம் செவிச்செல்வம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அச்செல்வம் வந்துசேரும் வழியாகிய காதினைக் காப்பதும் நம் கடமையே. மெத்தை தேய்ந்தால் மாற்றலாம். கருவி பழுதானால் புதிது வாங்கலாம். இரைச்சலால் மாய்ந்த செவி நரம்பு மீண்டும் முளைப்பதில்லை.

சிந்திப்போம்.