லயம் என்றால் வீடா?

'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் நிறையப் பொருள்கள் உண்டு. கோடு, வரிசை, கயிறு, ரயில் பாதை, கவிதையின் அடி, தொலைபேசி இணைப்பு, வம்சம், போர்முனை, ஒருத்தர் செய்யும் தொழில் என்று நீண்டுகொண்டே போகும். ஆனால் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் வீடு. நாங்கள் அதை 'லயம்' என்கிறோம்.

வரிசைக்கான சொல் எப்படி வீட்டுக்குப் பெயரானது? பிரிட்டிஷ் இராணுவத்தில் சிப்பாய்களுக்கு வரிசையாகப் போட்ட கூடாரங்களையும் குடில்களையும் 'லைன்ஸ்' என்பார்கள். இந்திய நகரங்களில் 'போலீஸ் லைன்ஸ்', 'சிவில் லைன்ஸ்' என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியபோது, அது 'கூலி லைன்ஸ்' ஆனது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. கட்டட முறையும் பெயரும் அப்படியே நின்றுவிட்டன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு 'பெரட்டுக்களம்' என்று சொல்கிறோமே, அந்தப் 'பெரட்டு'ம் இராணுவத்தின் 'பரேட்'தான். குடியிருக்கும் இடத்துக்கும் வேலைக்கு நிற்கும் இடத்துக்கும் படைமுகாமின் சொற்கள்.

எங்க ஆட்களிடம் 'லைன்' என்பதற்கு வேறு சொல் இல்லாமல் இல்லை. மலையில் கொழுந்து பறிக்க ஒருத்தருக்கு ஒதுக்கும் செடி வரிசைக்குப் பெயர் 'நிரை'. நல்ல பழைய தமிழ்ச்சொல். செடி வரிசைக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, துரைமார் கட்டியதை துரைமார் சொல்லாலேயே அழைத்தார்கள். 1924இல் பதுளை வரை வந்த ரயில் பாதைக்கும் 'லைன்'தான் பெயர். ஆனால் 'லைன்' வேற, 'லயம்' வேற என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

லயத்துக்குள்ளே போனால் இன்னும் சில சொற்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் 10க்கு 12 அடி அறை 'காம்பரா', போர்த்துக்கேயச் சொல். முன்னால் இருக்கும் சின்ன விறாந்தை 'இஸ்தோப்பு', ஒல்லாந்தர் சொல். இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பியர்களும் ஒரே கூரைக்குக் கீழே பெயர் விட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கூரை சொந்தமாகவில்லை.

ஆனாலும் சனம் அந்தச் சொல்லுக்குத் தங்கள் பொருளையும் சேர்த்தது. "அவங்க எங்க லயத்து ஆளுங்க" என்றால், பக்கத்துச் சுவர்க்காரர் என்பது மட்டும் அர்த்தமில்லை. சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் அழைக்காமலே வந்து நிற்கிறவர் என்று அர்த்தம்.

சிக்கல் என்னவென்றால், சொந்த வீட்டுக்கு உறுதி இருக்கும், முகவரி இருக்கும். லயத்துக்கு இருப்பது நம்பர்தான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்க முன்னோரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 2003இல் வந்த சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. இவ்வளவு மாறியும் லயம் தோட்டத்தின் சொத்தாகவே இருந்தது. கடிதம்கூட தோட்டத்து ஆபீசுக்கு வந்துதான் கைக்குக் கிடைத்தது.

இதன் விலையைக் கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் பார்த்தோம். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை வரிசையாக மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எழுந்து போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவருக்கு "அங்கிருந்து போங்கள்" என்ற எச்சரிக்கை எவ்வளவு உதவும்?

அதன் பிறகு 7 பேர்ச் காணியும் தனி வீடும் பற்றிய பேச்சு வேகமெடுத்தது. சில இடங்களில் வீடுகளும் வந்தன. இப்போது சிலர், 'லயம்' என்று சொல்லக்கூடாது, 'குடியிருப்பு' என்று சொல்லுங்கள் என்கிறார்கள். எங்களுக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு உறுதியைக் கொடுக்காமல் விட்டால், அது புதுப் பெயர் வைத்த பழைய லயம்தான். முதலில் காணி உறுதி கைக்கு வரட்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று அதில் குடியிருப்பவர்களே முடிவெடுப்பார்கள்.