டாலிகஞ்சில் இடம் பிடித்தவர்கள்

தென் கல்கத்தாவில் வாழும் தமிழருக்கு டாலிகஞ்ச் அயலூர் அன்று. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப்பொடியும் வாங்கித் திரும்பும் நம்மவர், சற்றுத் தெற்கே உள்ள அப்பகுதியைச் சினிமா ஸ்டூடியோக்களின் ஊர் என்றே அறிவர். அதன் தெருக்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதனை விளங்கிக்கொள்ளப் பிரெஞ்சு நாட்டு மார்க்சியத் தத்துவஞானி ஒருவரின் கருத்து நமக்குத் துணை செய்கிறது.

ஆன்றி லெஃபெவ்ர் 1901-இல் பிறந்து 1991-இல் மறைந்தவர். இளமையில் சில காலம் பாரிசில் டாக்சி ஓட்டினார். 1928-இல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்து, 1958-இல் அதனின்று விலக்கப்பட்டார். மார்க்சியர் பலர் ஆலையையும் கூலியையுமே ஆராய்ந்திருக்க, இவர் அடுக்களை வேலையையும் கடைத்தெருவையும் விடுமுறைநாள் ஓய்வையும் தத்துவத்தின் பொருளாக்கினார். அன்றாட வாழ்வைப் பற்றிய அவரது ஆராய்ச்சியின் முதற்பாகம் 1947-இல் வெளிவந்தது. பின்னர், தென்மேற்குப் பிரான்சில் எரிவாயு ஆலைத் தொழிலாளருக்கென மூரென்ஸ் என்னும் புதுநகர் எழுந்தபோது அதனை நேரில் ஆராய்ந்தார். வசதிகள் இருந்தன, ஆனால் குடிகள் தாமாக ஆக்கிக்கொண்டது என்று சொல்ல ஒன்றும் இல்லை. இது அவர் உள்ளத்தை உறுத்தியது.

நகரத்தின் மீது அதில் வாழ்வோர்க்கு உரிமையுண்டு என 1968-இல் ஒரு நூல் எழுதினார். இடம் என்பது வெறும் பாத்திரம் அன்று, அது சமுதாயத்தால் உண்டாக்கப்படுவது என்பதை 1974-இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவினார். நாம் நடந்து புழங்கும் இடம், அதிகாரிகள் தாளில் வகுக்கும் இடம், குடிகள் நினைவோடும் பெயரோடும் வாழும் இடம் என மூன்றாக அவர் பிரித்துக் காட்டினார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அவருடைய தலையாய சொல்லை 'வெளி' என்பதா, 'இடம்' என்பதா என்ற ஐயம் எழுந்தது. 'இடம்' என்பதையே கொண்டோம். 'இடங்கொடுத்தல்' என்னும் நம் வழக்கில் நிலமும் இசைவும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன அன்றோ?

டாலிகஞ்ச் என்ற பெயரே தாளில் வகுத்தவர் ஒருவரிடமிருந்து வந்தது. வில்லியம் டாலி என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, தூர்ந்து கிடந்த ஆதிகங்கையின் தடத்தை 1775-இல் வெட்டத் தொடங்கி 1777-இல் படகுக் கால்வாயாக்கிச் சுங்கம் வாங்கினார். 1806-ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்பு, அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் மைந்தரைக் கும்பெனியார் கல்கத்தாவுக்கு அனுப்பினர். அவர்கள் குடியமர்த்தப்பட்டது இப்பகுதியிலேதான். பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் நடக்கும் தமிழர், அப்பெயரின் பின்னே வேலூர் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1895-இல் ஆங்கிலேயரின் டாலிகஞ்ச் கிளப் தோன்றிற்று.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் சியால்தா நிலையத்தின் நடைமேடைகளிலும் முகாம்களிலும் நிறைந்தனர். அரசு இடங்கொடுக்கும் வரை காத்திராதவர்கள், டாலிகஞ்சிலும் அதையடுத்த யாதவ்பூரிலும் தாமே இடம் பிடித்தனர். கைவிடப்பட்ட இராணுவ முகாமொன்றில் பிஜய்கட் எழுந்தது. 1950-இல் நேதாஜி நகரும் ஆசாத்கட்டும் எழுந்தன. 'ஜபர்தகல்' என்று வங்காளத்தில் வழங்கிய இச்செயல் பெரும்பாலும் இரவில் நடந்தது. மூங்கிலும் கோரை வகைப் புல்லில் முடைந்த தட்டியும் கொண்டு பொழுது விடிவதற்குள் குடிசை எழுப்புவார்கள். நிலச்சுவான்தாரின் ஆட்களோ போலீசாரோ வந்தால் பெண்கள் சங்கு ஊதி ஊரைக் கூட்டுவார்கள். பிரித்தெறியப்பட்ட குடிசை மறுபடியும் எழும்.

இதனை வெறும் ஆக்கிரமிப்பு என்று ஒதுக்குவோர், அடுத்து நடந்ததைக் காணத் தவறுகின்றனர். குடியேறியோர் கமிட்டி அமைத்து, நிலத்தை அளந்து மனைகளாகப் பிரித்தனர். தெருவுக்கும் குளத்துக்கும் சந்தைக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நிலம் ஒதுக்கினர். பள்ளிக்கூடம் முதலிலேயே வந்துவிட்டது. பிஜய்கட்டில் 1950-லேயே ஒரு கல்லூரியும் தோன்றியது. அதே ஆண்டில் பல குடியிருப்புகள் சேர்ந்து அகதிகளின் ஐக்கிய மத்தியக் கவுன்சிலை நிறுவின. வெளியேற்றச் சட்டம் வரவிருந்தபோது அவை திரண்டு எதிர்த்தன; 1951-இல் நிறைவேறிய சட்டத்தில், மாற்றிடம் தராமல் அகதிகளை அகற்றலாகாது என்ற காப்பு இடம்பெற்றது. 1950-க்கு முன்பின்னாக எழுந்த இத்தகைய குடியிருப்புகளில் 149-ஐ அரசு பின்னர் அங்கீகரித்தது. நகர உரிமை பற்றிய லெஃபெவ்ரின் நூல் வெளிவர அப்போது 18 ஆண்டுகள் இருந்தன.

இவ்வரலாற்றில் இருள் படிந்த பகுதியும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. 1950-ஆம் ஆண்டுக் கலவரங்களில் கல்கத்தாவின் முஸ்லிம் குடிகள் பலர் அஞ்சி வீடு துறந்தனர். அவ்வாறு காலியான இடங்களில் அகதிகள் சிலர் புகுந்தனர். வீடிழந்து வந்தவர், மற்றொருவர் இழந்த வீட்டில் விளக்கேற்றினார். இடம் உண்டாக்கப்படுகிறது என்னும் கொள்கையை ஏற்போர், யாரை விலக்கி உண்டாக்கப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும்.

தாளில் வகுப்போரின் கை பின்னரும் ஓயவில்லை. 1986-இல் டாலிகஞ்சுக்கு வந்த மெட்ரோ ரயில், 2009-இல் தெற்கே நீண்டபோது அதன் தூண்கள் ஆதிகங்கையின் நீரிலேயே நிறுத்தப்பட்டன. டாலி சுங்கம் வாங்கிய நீர்வழியில் இன்று படகு செல்வது அரிது. அவ்வாண்டில் நிலையத்துக்கும் மகாநாயக் உத்தம்குமார் என்று பெயர் மாறிற்று. ஆயினும் ஆட்டோக்காரர்கள் இன்னும் டாலிகஞ்ச் என்றே கூவி அழைக்கின்றனர்.

அகதிகளின் மனைகளுக்கு உரிமைப் பத்திரம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. பத்திரம் வந்தபின் விலையும் வந்தது. குடியிருக்கும் பயனுக்காகக் காக்கப்பட்ட நிலம் சந்தைச் சரக்காவதை லெஃபெவ்ர் நகரங்களின் பெரும் நோயாகக் கண்டார். தட்டி வேய்ந்த குடிசைகள் நின்ற மனைகள் பலவற்றில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அங்கே வாடகைக்கு வீடு தேடுவோருள் நம்மவரும் உண்டு. கமிட்டி அளந்து விட்ட குறுந்தெருக்கள் மட்டும் அதே அகலத்தில் இருக்கின்றன. லாரி திரும்ப இடமில்லை என்று கட்டட ஒப்பந்தக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்.