பாடியவர் பெயரை எழுதி வையுங்கள்



போன மாதம் என் பழைய கேசட் பெட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். "சார், அதையெல்லாம் என்ன செய்யப் போறீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் இது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 160 கேசட்டுகள். கச்சேரி, தேவாரம், நாகசுரம், வானொலியிலிருந்து பிடித்தவை என்று எல்லாம் கலந்து கிடந்தன. பொங்கல் விடுமுறைக்கு வந்த பேத்தி அவற்றைக் கணினியில் ஏற்றக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். சித்திரை வரை உட்கார்ந்து ஏற்றி முடித்தேன். பிறகு பாட்டுக் கேட்கும் மென்பொருளைத் திறந்தால் ஒரே அதிர்ச்சி. மதுரை சோமு, தண்டபாணி தேசிகர், தருமபுரம் சுவாமிநாதன் எல்லோரும் ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெட்டியின் பெயர் "அறியப்படாத கலைஞர்"!

பேத்திக்குப் போன் போட்டேன். "தாத்தா, கம்ப்யூட்டருக்கு யார் பாடினாங்கன்னு எப்படித் தெரியும்? நாமதான் டைப் பண்ணணும்" என்றாள். உண்மைதான். கேசட்டின் அட்டையில் இருந்த பெயர் அட்டையோடு நின்றுவிட்டது. ஒலி மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது.

எம்பி3 கோப்புகள் வந்த புதிதில் எல்லாருக்கும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. 1996-ல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாட்டுக் கோப்பின் வால்பகுதியில் 128 பைட் அளவுக்கு ஒரு சிறு சீட்டு. தலைப்புக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, பாட்டின் வகைக்கு ஓர் எண். இதற்கு ஐடி3 என்று பெயர். வகைகளின் பட்டியலில் முதலில் 80 பெயர்கள் இருந்தன. 32-ஆம் எண் 'கிளாசிக்கல்'. நம் கர்நாடக இசைக்கு அதில் தனி இடம் கிடையாது. இயற்றியவருக்கு என்று கட்டமும் இல்லை. தமிழில் எழுதவும் வழியில்லை. இவையெல்லாம் 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தன.

ஒரு பாடகர், ஒரு ஆல்பம், ஒரு பாட்டு என்று இருக்கிற இசைக்கு அந்தச் சீட்டு போதும். நம் பாட்டுக்கு அது போதுமா? "வாதாபி கணபதிம்" என்ற ஒரே கிருதியை எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இயற்றிய முத்துசுவாமி தீட்சிதரைப் போடுவதா, பாடியவரைப் போடுவதா? ஹம்ஸத்வனி ராகத்தை எங்கே எழுதுவது? வயலின், மிருதங்கம் வாசித்தவர்கள் எங்கே போவார்கள்?

பெயர்களே ஒரு தனிப் பாடம். எம்.எஸ்.சுப்புலட்சுமி என்பதில் 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய அம்மா, வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல்.வசந்தகுமாரியின் 'எல்' அவருடைய அம்மா லலிதாங்கி. டி.கே.பட்டம்மாளின் 'டி' தாமல் என்ற ஊர், 'கே' அப்பா கிருஷ்ணசாமி. நம் ஊர் இனிஷியலில் ஊரும் தாயும் தந்தையும் அடங்கியிருக்கிறார்கள். மென்பொருளுக்கு அது விளங்குமா? 'எம்.எஸ்.' ஒரு பக்கம், 'சுப்புலட்சுமி' இன்னொரு பக்கம் என்று ஒருவரையே இரண்டு ஆளாக்கி வைக்கிறது.

இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. பாட்டுகளை அடுக்கிவைக்கும் வேலை நமக்குப் புதிதா என்ன? ஆயிரம் வருடமாகச் செய்து வருகிறோமே!

நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த ஓர் இரவில் ஓர் இடைகழியில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் சந்தித்த கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்த இடம்தான். அங்கே பிறந்த மூன்று அந்தாதிகள் ஆழ்வார் பாடல்களில் மிகப் பழையவை. காலப்படி பார்த்தால் நாலாயிரத்தில் அவைதானே முதலில் வரவேண்டும்? ஆனால் நாதமுனிகள் தொகுத்த வரிசையில் அவை 'இயற்பா' என்ற பகுதியில் இருக்கின்றன. பண்ணோடு பாடுவது இசைப்பா, பண்ணில்லாமல் ஓதுவது இயற்பா. எது பழையது என்ற கேள்வி அந்த அடுக்கில் இல்லை. எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்காக அடுக்கியது அது.

தேவாரத்துக்கு வருவோம். மூவர் பாடியவற்றில் நமக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 800 பதிகங்கள். சம்பந்தரின் முதல் மூன்று திருமுறைகளும் சுந்தரரின் ஏழாம் திருமுறையும் பண்வாரியாக அடுக்கப்பட்டவை: நட்டபாடை, தக்கராகம், இந்தளம், கொல்லி, கௌசிகம் என்று. அப்பரின் நான்காம் திருமுறையில் பண்ணும் உண்டு, நேரிசை, விருத்தம் என்ற பாவகையும் உண்டு. ஐந்தாவது குறுந்தொகை, ஆறாவது தாண்டகம். இது பண்முறை, பாடுகிற ஓதுவாருக்கு வசதி. பிற்காலத்தில் இதே பதிகங்களை ஊர் ஊராகப் பிரித்துத் தலமுறை என்று இன்னொரு வரிசை செய்தார்கள். அது யாத்திரை போகிறவருக்கு வசதி. பாட்டு மாறவில்லை, தேடுகிற ஆள்தான் மாறினார்.

எங்கள் வீட்டம்மாவிடம் என் ராக வரிசையைப் பெருமையாகக் காட்டினேன். "மார்கழி விடியக்காலைல போடுவீங்களே, அது எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது நேரம், ராகம் இல்லை. அதையும் நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பண்களை நேரப்படியும் பிரித்தார்கள்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி 72 மேளங்கள் என்ற திட்டத்தை 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் வகுத்தார். பின்னால் வந்தவர்கள் மேளத்தின் எண்ணை அதன் பெயருக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள். கடபயாதி என்பார்கள். மாயாமாளவகௌளையில் முதல் எழுத்து 'ம' 5, இரண்டாவது 'ய' 1. திருப்பிப் போட்டால் 15. அது 15-ஆவது மேளம். கணக்கு சரியாக வருவதற்காகவே கல்யாணிக்கு முன்னால் 'மேச' சேர்த்தார்கள், சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' சேர்த்தார்கள். எண்ணைப் பெயரோடு ஒட்டிவிட்டால் அட்டை கிழிந்தாலும் தொலையாது. கெம்ப் செய்த வேலையும் ஏறக்குறைய இதுதானே?

சரி, பண்ணையும் மேளத்தையும் எழுதி வைத்தோம். பாடியவர்களை?

தேவாரத்தின் பண்கள் மறந்துபோன கதையைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளில் செல்லரித்தது போக மிஞ்சியவை கிடைத்தன. ஆனால் எப்படிப் பாடுவது? திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண்ணடைவைச் சொல்லிக்கொடுத்தாள் என்கிறது புராணம். அந்த ஊர்தான் விருத்தாசலம் பக்கம் இருக்கிற இன்றைய இராஜேந்திரப்பட்டினம். ஏடு தேடிய மன்னனின் பெயர் தெரியும். தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் பெயர் தெரியும். அந்தப் பெண் யாழ்ப்பாணர் மரபினள் என்பதோடு சரி, அவள் பெயர் இல்லை. பண் என்ற கட்டம் நிரம்பியது, கலைஞர் என்ற கட்டம் காலி.

இதற்கு நேர்மாறான காட்சியைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பார்க்கலாம். இராசராசனின் தாய் வானவன்மாதேவி நம் திருக்கோவிலூர் மலையமான் குலத்து மகள் என்பது நமக்கெல்லாம் பெருமை. அந்த மகன், பதிகம் பாட 48 பேரையும் கூட வாசிக்க இருவரையும் வைத்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பெயர்கள் கல்லில் இருக்கின்றன. 400 தளிச்சேரிப் பெண்களுக்கும் அப்படியே: எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் போல இருக்கிறது.

கிராமபோன் வந்த காலத்தில் கலைஞர்கள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தார்கள். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். தட்டு அச்சடிப்பது ஜெர்மனியின் ஹானோவரில், அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்கு யார் பாடியது என்று தெரியவேண்டுமே! பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். எந்த மென்பொருளாலும் அவரை அறியப்படாதவர் ஆக்க முடியாது.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நானே ஒரு தவறு செய்திருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில், 1980-களின் கடைசியில், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தேன். கச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறி, இறங்கி, பிறகு நடை. ஒரு நாள் சாயங்காலம், பள்ளிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு வயதான அம்மா சாமை குத்திக்கொண்டே பாடினார். என்னிடம் புதிதாக வாங்கிய டேப் ரெக்கார்டர் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து பதிவு செய்தேன். உலக்கைச் சத்தம்தான் தாளம். நடுவில் ஒரு குழந்தை சிரிக்கும், ஒரு நாய் குரைக்கும். கேசட்டின் மேல் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: "மலைப்பாட்டு". அவ்வளவுதான்.

தீட்சிதருக்கும் ஹம்ஸத்வனிக்கும் கட்டம் போதவில்லையே என்று இத்தனை நாள் புலம்பியவன், எனக்குத் தினமும் மோர் கொடுத்த அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதவில்லை. 'பாட்டி' என்று கூப்பிட்டதோடு சரி.

அந்த ஒலியை மலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "சார், எங்க ஆயா குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா நிச்சயமா சொல்ல முடியல. அம்மா கேட்டா உடனே சொல்லியிருப்பாங்க. போன வருசந்தான் தவறிட்டாங்க" என்றார். அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. ஒரு வருடம் முன்னால் நான் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கலாம்.

இப்போது என் கணினியில் அந்தப் பாட்டின் கலைஞர் கட்டத்தில் "கல்வராயன் மலைப் பாட்டி, பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கல்யாண வீடியோ, கோயில் திருவிழா நாகசுரம், பாட்டியின் தாலாட்டு, கூத்து என்று எது உங்கள் போனில் இருந்தாலும், தலைப்பில் பாட்டின் பெயர், கலைஞர் கட்டத்தில் பாடியவர், ஆல்பம் கட்டத்தில் ஊரும் தேதியும், குறிப்பில் கூட வாசித்தவர்கள் என்று எழுதுங்கள். ராகமோ பண்ணோ தெரியாவிட்டால் பரவாயில்லை, பத்து வருடம் கழித்துக்கூடக் காது உள்ள யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

மலையில் படித்த பிள்ளைகள் எனக்குப் போன் செய்யுங்கள். அந்தப் பாட்டை அனுப்புகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்