கிளிவெட்டியில் மலை ஏது?

 

மூதூரிலிருந்து வெருகல் பக்கம் போகும் ஏ15 வீதியில் கிளிவெட்டியைக் கடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரண்டு பக்கமும் வயல்தான். வாய்க்கால், வரம்பு, கொக்கு, கண்ணுக்கு எட்டிய மட்டும் சமதரை. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து "எங்கள் கிராமம்" என்று வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கூம்பு மலை வரும். நடுவில் பாதிச் சூரியன். மலையிலிருந்து ஓர் ஆறு, ஆற்றோரம் வளைந்த தென்னை, முக்கோணக் கூரை போட்ட வீடு, வானத்தில் நாலு பறவை. கிளிவெட்டிப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. தோப்பூர்ப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. தினமும் கொட்டியாரக் கடலைப் பார்க்கும் மூதூர்ப் பிள்ளையும் இதே மலைக்குத்தான் பச்சை அடிக்கிறது.

பிள்ளைகள் சுற்றிவரப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிடலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. வாய்க்காலில் எந்த இடத்தில் எந்த மீன் நிற்கும் என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் இவர்கள். நமக்குச் சந்தேகமெல்லாம் நாம் கொடுக்கும் தலைப்பின் மேல்தான். அதனால்தான் இந்தத் தலைப்பு என்ற சங்கதியின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம்.

தலைப்புக் கொடுத்து வரையச் சொல்வது நாம் நினைக்கிற அளவுக்குப் பழைய வழக்கம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியப் பாடசாலைகளில் சித்திரம் என்றால், அச்சிட்ட அட்டையில் இருப்பதைப் பார்த்து அப்படியே கீறுவது. முதலில் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு சாடி, பிறகு இலை. லண்டனில் சவுத் கென்சிங்டனிலிருந்து நடத்தப்பட்ட அந்த முறை பேரரசு போன இடமெல்லாம் போனது. தொழிற்சாலைகளுக்கு ஒழுங்காகக் கோடு கீறத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

இதை முதலில் மாற்றியவர்களில் ஒருவர் வியன்னாவைச் சேர்ந்த பிரான்ஸ் சிசெக். 1897 இல் சிறுவர்களுக்கென்றே ஓர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். பார்த்துக் கீற அட்டை கிடையாது. ஒரு விடயத்தைச் சொல்லுவார், பிள்ளைகள் தங்கள் மனதிலிருந்து வரைய வேண்டும். முதலாம் உலகப் போருக்குப் பிறகு வியன்னாப் பிள்ளைகள் பசியில் கிடந்தபோது, அவர்களுடைய படங்கள் 1920 இல் லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைக்கப்பட்டன. நிவாரணத்துக்குப் பணம் சேர்ப்பதும் அதன் நோக்கம். போரில் அடிபட்ட பிள்ளைகளின் படங்களை வெளிநாட்டாருக்குக் காட்டி உதவி திரட்டும் வழக்கம் அவ்வளவு பழையது. 

சிசெக்கின் ஒரு வகுப்பை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். அதன் தலைப்பு "இலையுதிர் காலம்". நமக்குச் சிரிப்பு வருகிறது. மூதூர்ப் பக்கத்தில் மாரியும் கோடையும்தானே உண்டு? ஆனால் வியன்னாப் பிள்ளைக்கு அது வாசலில் கிடந்த விடயம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தவர்தான் நமக்கு மிகவும் பிடித்தவர். மரியன் ரிச்சர்ட்சன் என்ற பெண் ஆசிரியை, பிறந்தது 1892. 1912 முதல் இங்கிலாந்தின் டட்லி என்ற ஊரில் பெண்கள் பாடசாலையில் சித்திரம் கற்பித்தார். டட்லி அழகான ஊர் அல்ல. சுரங்கமும் இரும்பு உலையும் புகையும் உள்ள ஊர். ரிச்சர்ட்சன் பிள்ளைகளிடம் கண்ணை மூடச் சொல்லுவார். பிறகு தான் கண்ட ஒரு காட்சியை, ஒரு தெருவையோ கடை முகப்பையோ, மெதுவாக வாயால் சொல்லுவார். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, சுவர் என்ன நிறம், தரை ஈரமா காய்ந்ததா என்றெல்லாம் சொல்லுவார். சொல்லி முடிந்த பிறகு பிள்ளைகள் கண் திறந்து, மூடிய கண்ணுக்குள் தெரிந்ததை வரைய வேண்டும். இதற்குச் 'சொற்சித்திரம்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்திருந்தார்.

இந்த யோசனை முழுக்க அவருடையது அல்ல. பேமிங்ஹமில் அவருக்குக் கற்பித்த கேட்டர்சன் ஸ்மித் என்பவர் திரையில் ஒரு படத்தைக் காட்டி மறைத்துவிட்டு, கண்ணை மூடி நினைவிலிருந்து வரையச் சொல்லிப் பழக்கியவர். ரிச்சர்ட்சன் திரைப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேச்சை வைத்தார். ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படத்தைக் காட்டினால் பிள்ளை படத்தைத்தான் வரையும். சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல்லுக்குள் போட வேண்டிய பொருளைத் தன் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்து வரவேண்டி வரும். நாற்பது பிள்ளைகள் கேட்டால் நாற்பது தெரு வரும்.

1917 இல் லண்டனில் ரொஜர் ஃப்ரை என்ற புகழ்பெற்ற கலை விமர்சகர் சிறுவர் ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். ரிச்சர்ட்சன் தன் மாணவிகளின் படங்களோடு அங்கே போனார். ஃப்ரை அவற்றையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். 1930 இல் ரிச்சர்ட்சன் லண்டன் மாநகரப் பாடசாலைகளின் சித்திரப் பரிசோதகரானார். இரும்பு உலை ஊரில் ஒரு வகுப்பறைக்குள் தொடங்கியது ஆங்கிலப் பாடசாலைகள் முழுவதற்கும் பரவியது.

இலங்கையிலும் அதே காலத்தில் ஒரு மாற்றம் நடந்தது. 1920 இல் சி. எஃப். வின்சர் என்ற ஆங்கில ஓவியர் கல்வித் திணைக்களத்தின் பிரதம சித்திரப் பரிசோதகராக வந்தார். ஐரோப்பிய அக்கடமிப் பாணியை நகலெடுப்பதை விட்டுவிட்டு, இந்த நாட்டு விகாரைச் சுவரோவியங்களையும் இந்த மண்ணின் நிறங்களையும் பாருங்கள் என்று இளம் ஓவியர்களைத் தூண்டியவர். ஜோர்ஜ் கீற் போன்றவர்களுக்கு அவர் கொடுத்த ஊக்கம் பின்னாளில் 1943 இல் உருவான '43 குழு' வரை போனது. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய ஓவியக் கழகத்துக்கு வின்சரின் பெயரைத்தான் வைத்தார். பரிசோதகர் வருகிறார் என்றால் பதிவேட்டை ஒழுங்காக்கி வைக்கும் நாட்டில், ஒரு பரிசோதகரின் பெயரில் கழகம் அமைந்ததென்றால் சும்மா இல்லை.

பிறகு நடந்தது நமக்கெல்லாம் தெரிந்த கதை. தலைப்பு பரீட்சை வினாத்தாளுக்குள் போனது. சந்தை, அறுவடை, திருவிழா, கடற்கரை என்று தலைப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. திரும்பி வரும் என்று தெரிந்தால் விடையையும் முன்கூட்டியே தயாரிக்கலாம் அல்லவா? சந்தை என்றால் குடை பிடித்த பெண், கூடை, தராசு. கடற்கரை என்றால் வலை இழுக்கும் நாலு பேர், தோணி. பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். நகலெடுப்பதை ஒழிக்க வந்த தலைப்பு, தானே பார்த்துக் கீறும் அட்டையாகிவிட்டது. அச்சிட்ட அட்டை இப்போது தலைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கமராவுக்கு வருவோம். இங்கே நம் நாட்டோடு தொடர்புள்ள ஓர் அம்மா இருக்கிறார். ஜூலியா மார்கரெட் கெமரன், 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் வசித்தபோது அயலில் இருந்த கவிஞர் டெனிசன் 1874 இல் தன் கவிதைகளுக்குப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார். கெமரன் உறவினர்களுக்கும் அறிந்தவர்களுக்கும் உடை மாற்றி ராஜாவாகவும் ராணியாகவும் நிறுத்திப் படம் பிடித்தார். அதற்கு முன்பும் வீட்டுப் பணிப்பெண்ணை அன்னை மரியாளாக நிறுத்தி எடுத்தவர்தான். கவிதை ஒன்று, வேதக்கதை ஒன்று கையில் இருந்தால் போதும், பணிப்பெண்ணும் பேரரசியாகிவிடுவாள்.

1875 இல் கணவரின் தோட்டங்களைத் தேடி அவர் இலங்கை வந்தார். களுத்துறையில் வசித்தார். 1879 இல் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் இருக்கும் தொழிலாளிகளும் பெண்களும் அழகாகவே இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை, கதையும் இல்லை. "களுத்துறைக் குடியானவர் கூட்டம்" என்பது போன்ற தலைப்புகள்தான். அங்கே பணிப்பெண்ணுக்குக் கிடைத்த கவிதை இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. ஒரு முகத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதைத் தலைப்பு எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

நூறு வருடம் கழித்து இன்னொரு பெண் இதைத் தலைகீழாக்கினார். வெண்டி ஈவால்ட், அமெரிக்கர். 1975 முதல் கென்டக்கி மலைநாட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் கமராவைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தார். அவர் கொடுத்த தலைப்புகள் மிக எளிமையானவை: உன்னை எடு, உன் குடும்பத்தை எடு, உன் பிராணிகளை எடு. கடைசியாக ஒன்று: உன் கனவை எடு.

கனவை எப்படிக் கமராவால் எடுப்பது? பிள்ளைகள் எடுத்தார்கள். தன் உயிர் நண்பனைத் தான் கொன்றுவிட்டதாகக் கனவு கண்ட ஒரு பையன், அந்த நண்பனையே மரக்கவட்டில் தலை சாய்த்துக் கிடக்க வைத்துப் படம் எடுத்தான். பார்க்கவே நெஞ்சு பதறும் படம். 1985 இல் இவை புத்தகமாக வந்தன. ஈவால்ட் பிறகு குஜராத்தின் ஒரு கிராமத்துக்கும் வந்து அங்குள்ள பிள்ளைகளோடு இதே வேலையைச் செய்தார்.

இனி நம் வீட்டுக்கு.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்ததும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே இடத்தில் இருந்து விளையாடுவது மட்டக்களப்பில் நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக இருந்தது. அந்தச் சூழலில்தான் 1996 இல் மட்டக்களப்பில் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' திறக்கப்பட்டது. கனடிய ஓவியர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் முன்நின்ற முயற்சி. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். மரம், மண், களிமண், வர்ணம், கதை, நாடகம் எல்லாம் இருந்தன. யுத்தம் அப்போது முடியவில்லை, வெளியே நடந்துகொண்டே இருந்தது.

எங்களுக்கு முக்கியமாகப் படுவது அங்கே இருந்த ஒரு நிதானம். "உனக்கு நடந்ததை வரை" என்று பிள்ளையை நெருக்குவது அந்தப் பூங்காவின் வழி அல்ல. கதை கட்டு, களிமண்ணில் ஒரு மிருகம் செய், அது எங்கே போகிறது என்று சொல். அந்த மிருகம் போகிற வழியில் பிள்ளைக்கு நடந்தது தானாக வந்தால் வரட்டும், வராவிட்டால் இருக்கட்டும். இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டும்போது அதில் யார் எந்தப் பக்கம் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அமெரிக்க மானிடவியலாளர் பற்ரிசியா லோரன்ஸ் இந்தப் பூங்காவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

கிளிவெட்டிக்குத் திரும்புவோம். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினோம். நாம் சில வாரங்களில் திரும்பினோம். சம்பூர் மக்களில் பலர் அலைந்து அலைந்து, கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015, 2016 இல் காணி விடுவிக்கப்படும்வரை அந்த இருப்பு நீண்டது.

இப்போது அந்த வகுப்பறையில் "எங்கள் வீடு" என்ற தலைப்பைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். 2006 இல் பிறந்த பிள்ளைக்கு 2015 இல் ஒன்பது வயது. அந்தப் பிள்ளை தன் வீட்டைக் கண்டதே இல்லை. உம்மா, வாப்பா என்று நம் பிள்ளைகள் சொல்வதுபோல் அம்மா, அப்பா என்று சொல்லும் அந்தப் பிள்ளைக்கு வீடு என்பது பெரியவர்கள் இரவில் சொல்லும் ஒரு பேச்சு. முற்றத்து மாமரம், கிணறு, வேலிப் படலை எல்லாம் காதால் கேட்டவை. ரிச்சர்ட்சன் டட்லியில் கண்ணை மூடச் சொல்லிச் செய்ததை, முகாமில் தாய்மார் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கும் கிளிவெட்டிப் பிள்ளைக்கு அதே தலைப்பு ஐந்து நிமிட வேலை. இந்த இரண்டு படங்களுக்கும் ஒரே அளவுகோலால் புள்ளி போடுவது எப்படி என்று எந்த ஆசிரியர் கைநூலும் சொல்வதில்லை.

நம் முஸ்லிம் பாடசாலைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உருவம் வரையலாமா என்ற கேள்வி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதற்குத் தீர்ப்புச் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள், நாம் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் மனித உருவம் இல்லாமலே மனிதரைக் காட்டும் தலைப்புகள் ஏராளமாக உண்டு. "மஃரிபுக்குப் பிறகு வாசலில் கிடக்கும் செருப்புகள்" என்று ஒன்று கொடுத்தோம். ஒரு பிள்ளை ஐந்து சோடி வரைந்து, ஒரு சோடியை மட்டும் திண்ணையில் தனியாக, தூசியோடு வரைந்திருந்தது. வாப்பா கட்டாரில். கேட்காமலே விளங்கியது.

கொரோனாக் காலத்தில் வகுப்பெல்லாம் தொலைபேசிக்குப் போன பிறகு, வீட்டில் ஒரு கைத்தொலைபேசியாவது இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கிழமைக்கு ஒரு படம் என்று சொல்லி வருகிறோம். நிழல் மட்டும் தெரிய ஒரு படம். காலையில் முதலில் கேட்ட சத்தம் எங்கிருந்து வந்ததோ அந்த இடம். வீட்டில் ஆகப் பழைய பொருள். யாரோ இப்போதுதான் எழுந்து போன கதிரை. வாய்க்கால் தண்ணீர் முதல் நாள் வயலுக்குள் ஏறும் மடை.

மலை எடுத்து அனுப்பிய பிள்ளை இதுவரை ஒருவரும் இல்லை. சென்ற கிழமை "வரம்பு" என்று கொடுத்தோம். ஒரு படத்தில் வரம்பே இல்லை. வெள்ளம் மூடிய வயலில் ஒரு கோடாக வரிசையாய் நிற்கும் கொக்குகள் மட்டும். அவை எதன் மேல் நிற்கின்றன என்று பார்க்கிறவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த கிழமைக்கான தலைப்பைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். இப்போதைக்குப் போட்டியில் இருப்பவை இரண்டு: "மழைக்கு முந்திய ஐந்து நிமிடம்", "உம்மம்மாவின் பெட்டி".